மலைக்குப் போகும் பழைய டீசல் லாரி: எந்த அறிகுறிக்கு எங்கே கை வைப்பது

இது கம்ப்யூட்டர் இல்லாத, மெக்கானிக்கல் பம்ப் வைத்த பழைய லாரிகளுக்கு மட்டும். பென்ஸ் 1113, பழைய ஈசுசு, டைனா, ஹினோ, யூடி மாதிரி வண்டிகள். தென்னாப்பிரிக்காவில் டர்பனிலோ பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலோ வெங்காயம், சிமெண்ட், மேசை நாற்காலி என்று ஏற்றிக்கொண்டு வான் ரீனன் கணவாய் ஏறி, ஹாரிஸ்மித், பெத்லஹேம், ஃபோரிஸ்பர்க் வழியாக லெசோத்தோவுக்குள் போகிற நம் ஆட்களின் வண்டிகள் பட்டறைக்கு வந்தால், புகார் பெரும்பாலும் கீழே இருக்கும் ஏழெட்டில் ஒன்றாகத்தான் இருக்கும். லெசோத்தோவுக்குள் போகும் இன்னொரு வழியான சானி கணவாயைப் பற்றி இங்கே எழுதவில்லை. அங்கே நான்கு சக்கர இயக்கம் இல்லாத வண்டியை விடவே மாட்டார்கள்.

பழுது தேடுவதற்கு முன்னால் ஒரு கணக்கு. டர்பன் கடல் மட்டம். வான் ரீனன் ஏறக்குறைய 1,680 மீட்டர். லெசோத்தோவுக்குள் புத்தா-புத்தே ஊர் தாண்டியதும் வரும் மொட்டெங் கணவாய் 2,820 மீட்டர், அதற்கு மேலே மஹ்லசேலா 3,222 மீட்டர். அந்த உச்சியில் இன்ஜினுக்குக் கிடைப்பது கடற்கரைக் காற்றில் சுமார் மூன்றில் இரண்டு பங்குதான். டர்போ இல்லாத இன்ஜின் ஆயிரம் மீட்டருக்குப் பத்து சதவீதம் அளவுக்கு இழுவையை இழக்கும். ஆகவே கீழே மூன்றாவது கியரில் ஏறிய சரிவை மேலே இரண்டாவதில் ஏறினால் அது பழுது இல்லை. முதல் கியரிலும் திணறினால், அல்லது போன மாதம் ஏறிய அதே மேட்டில் அதே சுமையோடு இந்த மாதம் ஏறவில்லை என்றால், அதுதான் பழுது.

கறுப்புப் புகை, இழுவை இல்லை

காற்று குறைகிறது, பம்ப் அதே அளவு டீசலை அடிக்கிறது, எரியாத மிச்சம் கறுப்பாக வெளியே வருகிறது. ஆக்சிலேட்டரைப் பாதி விட்டு, ஒரு கியர் குறைத்துப் பாருங்கள். புகை நின்று வண்டியும் ஏறினால் பழுது வண்டியில் இல்லை, காலில் இருக்கிறது. மேலே தரை வரை மிதிப்பதால் ஒரு பயனும் கிடையாது. டீசல்தான் கரியும்.

கியர் குறைத்தும் புகை நிற்கவில்லையா? முதலில் ஏர் ஃபில்டர். மண் சாலையில் ஒரு நாள் ஓடினாலே அடைத்துவிடும். கழற்றி வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். மடிப்புகளுக்கு நடுவே வெளிச்சம் தெரியவில்லை என்றால் மாற்றுங்கள். மாற்று கையில் இல்லையென்றால் உள்ளிருந்து வெளியே காற்றடித்துச் சுத்தம் செய்து ஊருக்குத் திரும்பலாம். ஃபில்டரைக் கழற்றி வைத்துவிட்டு ஓட்டுகிறவர்கள் உண்டு. அந்தத் தூசி பிஸ்டனையும் லைனரையும் அரத்தால் தேய்த்த மாதிரி தின்றுவிடும், ஃபில்டர் காசைப் பார்த்து இன்ஜினைத் தோற்பார்கள். ஃபில்டர் டப்பாவுக்குக் காற்று வரும் குழாயின் வாயையும் பாருங்கள். ரொம்ப நாள் நின்ற வண்டியாக இருந்தால் குளவி கூடு கட்டியிருக்கும்.

அடுத்தது எக்ஸாஸ்ட் பிரேக், இறக்கத்தில் புகைக் குழாயைத் தகட்டால் மூடி வேகத்தைக் குறைப்பது. பலர் இதைப் பார்ப்பதே இல்லை. சைலன்சர் குழாயில் இருக்கும் அந்தத் தகடு துருப்பிடித்துப் பாதி மூடிய நிலையிலேயே நின்றுவிட்டால் இழுவை போகும், புகை வரும், சூடும் ஏறும். இன்ஜின் ஆறியிருக்கும்போது லிவரைக் கையால் ஆட்டிப் பாருங்கள். முழுதாகத் திறந்து, விட்ட இடத்துக்குத் தானாகத் திரும்ப வேண்டும்.

டர்போ வண்டி என்றால் டர்போவிலிருந்து இன்டேக் வரை போகும் ரப்பர் குழாய்களைத் தடவிக்கொண்டே வாருங்கள். கிளாம்புக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாத பக்கத்தில்தான் வெடிப்பு இருக்கும். அந்த இடத்தில் எண்ணெய் கலந்த கரி, விரல் அகலத்துக்கு விசிறி மாதிரி படிந்திருக்கும். ஒருவரை ஆக்சிலேட்டர் மிதிக்கச் சொல்லி அங்கே கையை வைத்தால் காற்று அடிப்பது தெரியும். கீழே இந்த ஓட்டை இருந்தும் வண்டி ஓடியிருக்கும், மேலே ஓடாது.

இவ்வளவும் சரியாக இருந்தால் மிச்சம் நாசில் (இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் முனை), டர்போ, பம்ப். டர்போ தண்டைக் கையால் ஆட்டும்போது பக்கவாட்டில் மிகச் சிறிய ஆட்டம் இருக்கலாம். முன்னும் பின்னும் ஆடினாலோ, விசிறி இலை உறையில் உரசியிருந்தாலோ வண்டியை ஓட்டாதீர்கள், டர்போக்காரரிடம் கொடுங்கள். நாசிலையும் பம்பையும் டீசல் பம்ப் பட்டறையில் டெஸ்ட் பெஞ்சில் வைத்துத்தான் பார்க்க முடியும்.

பம்ப் ஸ்க்ரூவைப் பற்றி ஒரு வார்த்தை. "அண்ணே, பம்பில் கொஞ்சம் டீசல் கூட்டி விடுங்கள், மேலே இழுக்கட்டும்" என்று கேட்டு வருவார்கள். தம்பி, அங்கே பற்றாமல் போவது டீசல் இல்லை, காற்று. கூட்டினால் புகைதான் கூடும், எக்ஸாஸ்ட் சூடு ஏறி பிஸ்டன் தலை உருகும். சில பம்புகளில் உயரத்துக்கு ஏற்பத் தானே டீசலைக் குறைக்கும் டப்பா ஒன்று மேலே உட்கார்ந்திருக்கும். அதன் சவ்வு கிழிந்தாலும் கறுப்புப் புகை வரும். அதுவும் பம்ப்காரர் வேலைதான்.

ஏற்றத்தில் திணறி அணைகிறது, கொஞ்ச நேரம் நின்றால் மறுபடி ஓடுகிறது

புகை அதிகம் இல்லாமல் மூச்சு போகிற மாதிரி அணைந்தால் டீசல் போய்ச் சேரவில்லை என்று பொருள். டாங்க் மூடியில் ஆரம்பியுங்கள். அணைந்த உடனே மூடியைத் திறந்து காதை வையுங்கள். உஸ்ஸென்று காற்று உள்ளே இழுத்தால் மூடியின் மூச்சுத்துளை மண்ணால் அடைத்திருக்கிறது. ஊசியால் குத்தித் திறந்தால் போதும். சிலரைப் பம்ப் கழற்றும் வரை கொண்டுபோன பழுது இது.

அப்புறம் தண்ணீர் பிரிக்கும் கிண்ணம். அடியில் உள்ள திருகைத் தளர்த்தி ஒரு கண்ணாடி டம்ளரில் பிடியுங்கள். தண்ணீர் அடியில் தனியாக நிற்கும். தெளிந்த டீசல் வரும் வரை விடுங்கள். அதன் பிறகு டீசல் ஃபில்டரை மாற்றுங்கள். மலைக்குப் போகும் வண்டியில் மாற்று ஃபில்டர் ஒன்றாவது இருந்தே ஆக வேண்டும்.

ஃபில்டர் மாற்றியும் சரியாகவில்லை என்றால் காற்று இழுக்கிறதா என்று பாருங்கள். டாங்கிலிருந்து வரும் குழாயில் ஒரு துண்டு தெளிவான பிளாஸ்டிக் குழாயைத் தற்காலிகமாகச் சொருகினால் குமிழி ஓடுவது கண்ணுக்குத் தெரியும். குமிழி இருந்தால் டாங்க் பக்கம் உள்ள ஏதோ ஒரு மூட்டு, வாஷர், பழைய ரப்பர் குழாய். கசிவு வெளியே தெரியாது. உறிஞ்சும் பக்கம் என்பதால் டீசல் சொட்டாமல் காற்றுதான் உள்ளே போகும்.

ஃபில்டர் மாற்றினாலும் மூட்டைக் கழற்றினாலும் ஏர் எடுக்க வேண்டும், அதாவது குழாயில் புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும்:

1. ஃபில்டர் தலையில் உள்ள பிளீட் ஸ்க்ரூவைத் தளர்த்தி, ஹேண்ட் பிரைமரைக் குமிழி இல்லாத டீசல் வரும் வரை அடித்து, அடித்துக்கொண்டே முறுக்குங்கள்.
2. பம்பில் உள்ள ஸ்க்ரூவிலும் அதையே செய்யுங்கள்.
3. இன்னும் பிடிக்கவில்லை என்றால் நாசிலுக்குப் போகும் குழாய்களின் நட்டை அரைச் சுற்று தளர்த்தி செல்ஃப் போடுங்கள். டீசல் எட்டிப் பார்த்ததும் முறுக்குங்கள்.

செல்ஃபை ஒரே மூச்சில் பதினைந்து விநாடிக்கு மேல் பிடிக்காதீர்கள், இடையில் ஆற விடுங்கள். நாசில் குழாயில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகக்கூடிய அழுத்தத்தில் வரும். அங்கே விரலை வைத்துச் சோதிக்கவே கூடாது. அப்படிப் பட்டுவிட்டால் காயம் சின்னதாகத் தெரிந்தாலும் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஏர் எடுத்த பிறகு ஒரு மணி நேரம் ஓடி மறுபடி அணைந்தால் லிஃப்ட் பம்ப், டாங்கிலிருந்து டீசலை இழுத்துத் தரும் சின்ன பம்ப். அதை மாற்றியும் பழுது தீரவில்லை என்றால் நாசிலுக்கு டீசல் அடிக்கும் பெரிய பம்ப். பட்டறைக்குக் கொண்டு வாருங்கள்.

இன்ஜின் சத்தம் ஏறுகிறது, வண்டி வேகம் ஏறவில்லை

கிளட்ச் நழுவுகிறது. பெடலில் விளையாட்டு (கனம் தெரியாமல் இறங்கும் முதல் கொஞ்ச தூரம்) இருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் அட்ஜஸ்ட் செய்யுங்கள். அட்ஜஸ்ட் செய்தும் நழுவினால் பிளேட் முடிந்தது. கருகிய வாடையோடு மலையில் இழுக்காதீர்கள், ஃப்ளைவீலும் சேர்ந்து போகும்.

சூடு முள் ஏறுகிறது

தண்ணீர் கடற்கரையில் 100 டிகிரியில் கொதிக்கும், 3,000 மீட்டரில் 90 டிகிரிக்கே கொதித்துவிடும். அதைத் தடுத்து நிற்பது ரேடியேட்டர் மூடியின் ஸ்பிரிங்தான். ஆகவே விலை மலிவான அந்த மூடிதான் முதல் சந்தேகம். ரப்பர் வளையம் வெடித்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

முள் ஏறினால் உடனே அணைக்காதீர்கள். ஓரம் கட்டி, சும்மா ஓட விட்டு, கேபின் ஹீட்டரை முழுதாகத் திறந்து விடுங்கள். முள் இறங்க ஆரம்பித்த பிறகு அணைக்கலாம். ஆனால் ஃபேன் பெல்ட் அறுந்திருந்தாலோ தண்ணீர் ஒழுகியிருந்தாலோ அப்போதே அணைத்துவிட வேண்டும். எதுவானாலும் மேல் குழாயை அழுத்திப் பார்த்து அது தளர்ந்து மெத்தென்று ஆகும் வரை மூடியைத் திறக்கக் கூடாது.

ஆறியதும் இந்த வரிசையில் பாருங்கள்: தண்ணீர் அளவு, பெல்ட் இறுக்கம், ரேடியேட்டர் முகம். மண்ணும் பூச்சியும் புல் விதையும் அப்பியிருந்தால் இன்ஜின் பக்கத்திலிருந்து வெளியே தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். விஸ்கஸ் ஃபேன் (சூட்டுக்கு ஏற்ப இறுகிச் சுற்றும் ஃபேன்) இருந்தால், சூடான வண்டியை அணைத்த பின் கையால் சுற்றும்போது எதிர்ப்பு இருக்க வேண்டும்; காற்றாடி போல் லேசாகச் சுற்றினால் அது போய்விட்டது. அப்புறம் தெர்மோஸ்டாட், இன்ஜின் சூடாகும் வரை ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகாமல் தடுக்கும் வால்வ். அதைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டுவது கடற்கரைப் பழக்கம். குளிர்காலமான ஜூலை மாதம் லெசோத்தோவின் மலூட்டி மலையில் அப்படி ஓட்டினால் இன்ஜின் சூடே ஆகாமல் வெள்ளைப் புகை கக்கும்.

குளிர்காலத்தில் வெறும் தண்ணீர் ஊற்றாதீர்கள். ஆன்டிஃப்ரீஸ் பாதி, தண்ணீர் பாதி. வெறும் தண்ணீர் இரவில் உறைந்தால் இன்ஜின் பிளாக்கில் உள்ள வெல்ஷ் பிளக் என்ற தகட்டு மூடி தெறிக்கும், அதிர்ஷ்டம் கெட்டால் பிளாக்கே வெடிக்கும்.

எல்லாம் சரி, ஆனாலும் தண்ணீர் குறைந்துகொண்டே போகிறதா? ஆறிய இன்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். குமிழி நிற்காமல் வந்தாலோ, ஆயில் குச்சியில் பால் டீ நிறம் தெரிந்தாலோ, சூடான பிறகும் வெள்ளைப் புகை இனிப்பு வாடையோடு வந்தாலோ ஹெட் கேஸ்கட். இதற்கு மேல் ஓட்டாதீர்கள். கட்டி இழுத்து வரும் செலவு ஹெட் மாற்றும் செலவைவிடக் குறைவு.

காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை

*செல்ஃப் மெதுவாகச் சுற்றுகிறது.* பாட்டரி முனைகளைச் சுரண்டி இறுக்குங்கள், எர்த் கேபிளையும் மறக்காதீர்கள். ஓய்வில் இருக்கும் 12 வோல்ட் பாட்டரி 12.6 காட்ட வேண்டும். 12.2 என்றால் பாதி சார்ஜ்தான். செல்ஃப் போடும்போது 9.6க்குக் கீழே விழுந்தால் பாட்டரி போதாது. 24 வோல்ட் வண்டியில் இரண்டு பாட்டரியையும் தனித்தனியாக அளந்து பாருங்கள், பெரும்பாலும் ஒன்றுதான் செத்திருக்கும். பாட்டரி நன்றாக இருந்தும் சுற்றவில்லை என்றால் செல்ஃப் மோட்டார், எலக்ட்ரீஷியனிடம் போகட்டும்.

*நன்றாகச் சுற்றுகிறது, புகையே இல்லை.* டீசல் வரவில்லை. குளிர்காலம் என்றால் மெழுகு கட்டியிருக்கும். கிண்ணத்தைத் திறந்தால் டீசல் கஞ்சித் தண்ணீர் போல் கலங்கி, ஃபில்டர் மேல் மெழுகுவர்த்திச் சொட்டு மாதிரி படிந்திருக்கும். வெந்நீரில் நனைத்த துணியை ஃபில்டரிலும் குழாயிலும் சுற்றி வையுங்கள், வெயில் ஏறும் வரை பொறுங்கள், ஃபில்டரை மாற்றுங்கள். டாங்க் அடியில் நெருப்பு மூட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பக்கத்தில் வண்டியை நிறுத்தாதீர்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை டர்பனிலேயே டாங்கை நிரப்பிக்கொண்டு வராமல், பாதி டாங்கோடு மேலே வந்து, உள்நாட்டுக் குளிருக்கு ஏற்ற டீசல் விற்கும் பங்க்கில் நிரப்புங்கள். மண்ணெண்ணெய் கலக்கும் பழைய பழக்கம் வேண்டாம். பம்புக்கு மசகு போய்விடும், பிடிபட்டால் வழக்கும் வரும்.

*வெள்ளைப் புகை வருகிறது, பிடிக்கவில்லை.* டீசல் போகிறது, எரிகிற சூடு இல்லை. ஹீட்டர் பிளக் உள்ள வண்டியில் ஒவ்வொன்றாக வயரைக் கழற்றி, டெஸ்ட் விளக்கின் ஒரு முனையை பாட்டரி பாசிட்டிவிலும் மறு முனையை பிளக் தலையிலும் வையுங்கள். விளக்கு எரியாத பிளக் செத்தது. எல்லாம் எரிந்தால் ரிலேயைப் பாருங்கள். நேரடி இன்ஜெக்ஷன் லாரிகள் பலவற்றில் ஹீட்டர் பிளக்கே கிடையாது. அதைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். ஸ்டார்ட் ஆவதற்காக அடிக்கும் ஈதர் ஸ்ப்ரேயை ஹீட்டர் பிளக் உள்ள வண்டியில் அடிக்கவே கூடாது, இன்டேக்கிலேயே வெடிக்கும். பிளக் சரியாக இருந்தும் தினமும் இதே கதை என்றால் கம்ப்ரஷன், டைமிங். மெக்கானிக்கிடம் கம்ப்ரஷன் டெஸ்ட் எடுங்கள்.

நீலப் புகை

ஆயில் எரிகிறது. நீண்ட இறக்கம் முடிந்து மறுபடி ஆக்சிலேட்டர் கொடுக்கும்போது மட்டும் ஒரு பொட்டலம் வந்தால் வால்வ் சீல், அவசரமில்லை. எப்போதும் வந்தால் ரிங் அல்லது டர்போ. ஆயில் அளவைத் தினமும் பார்த்துக்கொண்டே ஊர் வந்து சேரலாம்.

பிரேக்

இங்கே மட்டும் மலிவு விலை, சொந்தக் கைவேலை என்ற பேச்சை விட்டுவிடுங்கள். 2013 செப்டம்பரில் பைன்டவுன் ஃபீல்ட்ஸ் ஹில் இறக்கத்தில் ஒரு லாரி மினிபஸ் டாக்சிகள் மேல் மோதி 24 பேர் இறந்தது டர்பன்காரர்களுக்கு மறந்திருக்காது. அது மலைகூட இல்லை.

*பெடல் கல் மாதிரி இருக்கிறது.* வாக்குவம் பூஸ்டர் உள்ள சிறிய லாரிகளில் மேலே போகப் போக பெடல் கனக்கும். வெளிக்காற்றின் அழுத்தம்தான் பூஸ்டரைத் தள்ளுகிறது, அது மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. அளவாகக் கனத்தால் இயல்பு. சோதிக்க: இன்ஜினை அணைத்து பெடலை நாலைந்து தடவை மிதித்துவிட்டு, மிதித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் வாக்குவம் குழாய், ஒருவழி வால்வ், ஆல்டர்னேட்டர் பின்னால் உள்ள வாக்குவம் பம்ப் என்ற வரிசையில் பாருங்கள். பூஸ்டரே போயிருந்தால் சுமையோடு இறங்காதீர்கள்.

*பெடல் மெத்தை மாதிரி அமுங்குகிறது, தரை வரை போகிறது.* இறக்கத்தின் நடுவில் இது வந்தால் பிரேக் ஆயில் கொதித்து ஆவியாகிவிட்டது. பெடலை வேகமாக விட்டு விட்டு அடியுங்கள், கியரைக் குறையுங்கள், ஹேண்ட்பிரேக்கைப் படிப்படியாக இழுங்கள், மலைப் பக்கம் ஓரம் கட்டுங்கள். சரளை கொட்டிய தப்பும் தடம் கண்ணில் பட்டால் வண்டி சேதத்தை யோசிக்காமல் அதற்குள் விடுங்கள். நின்ற பிறகு பெடல் தானாகத் திரும்பினாலும் அன்றைக்கு அந்த வண்டியை நம்பாதீர்கள். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுதாக மாற்ற வேண்டும்.

*பெடல் சரியாக இருக்கிறது, வண்டி நிற்கவில்லை, கருகிய வாடை.* லைனிங் சூடேறிப் பிடியை இழந்துவிட்டது. நிறுத்துங்கள், ஆற விடுங்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள், டிரம் வெடிக்கும். ஆறுவதற்கு முன்னால் ஒவ்வொரு சக்கரத்தின் டிரம் அருகிலும் உள்ளங்கையைத் தொடாமல் காட்டிப் பாருங்கள். அனல் அடிக்கும் சக்கரத்தைப் பார்த்து எல்லோரும் பயப்படுவார்கள். நான் தேடுவது சூடே இல்லாத சக்கரத்தை. அது வேலை செய்யவில்லை, அதன் பங்கையும் மற்றவை சுமந்திருக்கின்றன. அங்கே அட்ஜஸ்டர் இறுகியிருக்கும், அல்லது சிலிண்டர் பிடித்திருக்கும், அல்லது லைனிங்கில் ஹப் கிரீஸ் கசிந்திருக்கும்.

இது பெரும்பாலும் ஓட்டுவதில் வருவது. ஏறிய கியரிலேயே இறங்குங்கள், முடிந்தால் அதற்கும் ஒன்று கீழே, அதுவும் சரிவு தொடங்கும் முன்பே. எக்ஸாஸ்ட் பிரேக் போடுங்கள். ஃபுட் பிரேக்கை அழுத்தி வேகம் குறைத்து முழுதாக விடுங்கள், காலை மேலேயே வைத்துக்கொண்டு வராதீர்கள். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுகிறவரோடு நான் ஒரே வண்டியில் ஏற மாட்டேன்.

*ஏர் பிரேக் வண்டியில் முள் மெதுவாக ஏறுகிறது.* மெல்லிய காற்றில் கம்ப்ரஸருக்கு அதிக நேரம் பிடிக்கும், அது சகஜம். கசிவா என்று பார்க்க டாங்க் நிறைந்ததும் இன்ஜினை அணைத்து, பெடலை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் முள்ளைப் பாருங்கள். 3 பிஎஸ்ஐக்கு மேல் இறங்கினால் கசிவு உண்டு. சோப்பு நுரை தடவி இடத்தைக் கண்டுபிடிக்கலாம். குழாய், மூட்டு என்றால் நீங்களே மாற்றலாம். வால்வ், பிரேக் சேம்பர் என்றால் கை வைக்காதீர்கள். ஸ்பிரிங் சேம்பரைத் தெரியாமல் பிரித்தால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் ஆளைக் கொல்லும்.

காலையில் சக்கரம் நகரவில்லை

ஈரமான பிரேக்கோடு வந்து ஹேண்ட்பிரேக் இழுத்துப் படுத்தால் லைனிங் டிரம்மோடு உறைந்து ஒட்டிக்கொள்ளும். கிளட்சை வெடுக்கென்று விட்டு இழுக்காதீர்கள், லைனிங் பிய்ந்து வரும். முன்னும் பின்னும் மெல்ல அசைத்துப் பாருங்கள். வரவில்லை என்றால் டிரம் மேல் மரக்கட்டையால் தட்டுங்கள், அல்லது வெயில் படும் வரை டீ குடியுங்கள். இரவில் கேபிள் ஹேண்ட்பிரேக் வண்டியைச் சமதரையில் கியரில் நிறுத்தி, சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கல் வைத்து, ஹேண்ட்பிரேக் போடாமல் விடலாம். ஏர் பிரேக் வண்டியில் படுக்கப் போகும் முன் டாங்க் அடியில் உள்ள வடிகாலைத் திறந்து தண்ணீரை விடுங்கள். இல்லையென்றால் அந்தத் தண்ணீர் வால்வில் உறைந்து, காலையில் முள் நிறையக் காட்டியும் பிரேக் விடாது.